ஆடிக்கு முன்னால் ஒரு வீடு

ஜூன் 2, திங்கள்

மில்லர்புரத்தில் இரண்டு வீடு காட்டினேன். இரண்டிலும் பேரம் முடியவில்லை. வெயில்.

திரும்பி வரும் வழியில் ஒரு காம்பவுண்டுச் சுவரில் "வீடு வாடகைக்கு. மாடி. தண்ணீர் வசதி உண்டு" என்று எழுதியிருந்தது. அந்த வீடு காலி என்று எனக்கு நாலு நாளாகவே தெரியும். இருந்தாலும் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு நின்று வாசித்தேன். பிறகு முதலிலிருந்து இன்னொரு தடவை வாசித்தேன். நாற்பத்து மூன்று வருஷமாக இந்த ஊரில் வாடகை வீடு பிடித்துக் கொடுக்கிறேன். எண் தெரியும், எழுத்து தெரியாது. எழுத்து வந்து நாலு மாதம்தான் ஆகிறது. மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு. என்னோடு சேர்ந்த பதினோரு பேரில் நான்தான் மூத்தவன், எழுபத்திரண்டு.

இது சிமெண்டுக் கடையில் கொடுத்த டைரி. 2023-க்கு உரியது. அச்சடித்த கிழமையை அடித்துவிட்டு மேலே சரியான கிழமையை எழுதுகிறேன். இந்தப் பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நல்ல முக்கால் மணி நேரம்.

ஜூன் 4, புதன்

செல்லக்கனி போய் ஆறு மாதம் ஆகிறது. கார்த்திகையில் போனாள். நாற்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவள். அதை எழுத ஒரு வரிதான் ஆகிறது.

மத்தியானம் தயிர்சாதம் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூன் 7, சனி

சங்கக் கூட்டம். எங்கள் வீடு மனைத் தரகர் சங்கத்துக்கு இந்த வருஷம் ஜெரால்டு செயலாளர். கம்ப்யூட்டர் வைத்து ஆபீஸ் நடத்துகிறவன், சுறுசுறுப்பு. ஜூலை முதல் வாரம் ஒரு தாள் அச்சடித்து வீட்டுக்காரர்களுக்கும் பில்டர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்கிறான். ஆறு மாதம் வியாபாரம் எப்படிப் போனது, இனி ஆறு மாதம் எப்படிப் போகும் என்று அதில் இருக்குமாம். "அரையாண்டு நிலவரம்" என்று தலைப்பும் வைத்துவிட்டான்.

"மனை, பிளாட்டு எல்லாம் நான் பாத்துக்கிடுதேன். வாடகை வீடு மட்டும் நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. உங்களவிட எவனுக்குத் தெரியும்? நீங்க சொல்லச் சொல்ல டைப் அடிச்சிருதேன்."

"சொல்ல மாட்டேன்டே. எழுதித் தாரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். "அண்ணாச்சி எழுதி முடிக்கதுக்குள்ள அடுத்த அரையாண்டு வந்துரும்லே" என்றான் ஒருத்தன்.

"வந்தா வரட்டும்லே. ரெண்டையும் சேத்துப் போடு."

நானும்தான் சிரித்தேன். வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயம் இல்லை. சின்ன வயதில் முதல் தடவை தேரில் கை வைத்தபோது இப்படித்தான் இருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

நிலவரம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி: "தூத்துக்குடியில் வாடகை ஏறிவிட்டது." எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். வரி அப்படியே இருந்தது.

பிறகு எழுதியது: கார் கம்பெனி வந்த பிறகு நல்ல வீடு காலியாகிற அன்றைக்கே போய்விடுகிறது. துறைமுக வேலைக்கு வருகிற வெளியூர்ப் பையன்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீடு கேட்கிறார்கள். முன்பெல்லாம் வீட்டுக்காரர்கள் "குடும்பமா?" என்று கேட்டார்கள். இப்போது "கம்பெனியே வாடகை கட்டுமா?" என்று கேட்கிறார்கள். வெள்ளம் வந்து போன பிறகு குடிவருகிறவர்களும் மாறிவிட்டார்கள். வாடகை எவ்வளவு என்பது இரண்டாவது கேள்விதான். "தண்ணி ஏறுச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. மேட்டில் இருக்கிற பழைய வீட்டுக்குப் பள்ளத்தில் இருக்கிற புது வீட்டைவிட மவுசு.

இனி ஆறு மாதம்: ஜூலை பதினாறு வரை அடிதடியாக இருக்கும். பதினேழு, ஆடி ஒன்று. ஆடியில் எங்கள் ஆட்கள் குடி போக மாட்டார்கள், அட்வான்ஸ் கூடக் கொடுக்க மாட்டார்கள். கடற்கரைத் தெருக்களில் வேதக்காரர்களுக்கு ஆடி கிடையாது, அவர்கள் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் பார்ப்பார்கள். இந்த இரண்டு காலண்டரும் மனப்பாடமாக இருந்தால்தான் இந்த ஊரில் தரகு பார்க்க முடியும். ஆவணியில் மறுபடி ஏறும்.

காலியாக இருக்கிற வீடுகளை மனதுக்குள் தெருத் தெருவாக நடந்து எண்ணினேன். முப்பத்து நாலு.

ஒரு பக்கம் ஆனது. கட்டைவிரல் வலிக்கிறது. சந்தோஷமாக இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

செந்தூர்வேல் சென்னையிலிருந்து பேசினார். நான் இருக்கிற வீடு அவர்களுடையது. அவருடைய அப்பா பால்துரை அண்ணாச்சி பங்குனியில் இறந்துபோனார். இருபத்திரண்டு வருஷமாக இங்கே இருக்கிறேன். பால்துரை அண்ணாச்சி தாள் எதுவும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் அக்ரிமெண்டு போட வைத்தவன் நான்.

"தப்பா நெனைக்காதிய அண்ணாச்சி. ஒரு கம்பெனி லீசுக்குக் கேக்கான். ஆடிக்கு முன்னால காலி பண்ணித் தந்துட்டா நல்லது."

"சரி."

"ஆள் பாக்க வருவாங்க. நீங்களே வீட்டக் காட்டி முடிச்சிருங்க. உங்களுக்கும் கமிஷன் வந்த மாதிரி இருக்கும்லா?"

"சரி."

போனை வைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வருத்தமும் வரவில்லை. உப்பு போட்டேனா என்று சந்தேகம் வந்தது, அவ்வளவுதான்.

ஜூன் 14, சனி

திருப்பூரில் இருக்கும் மகள் செல்வராணியிடம் சொன்னேன். "இங்க வந்துருங்கப்பா" என்றாள். இரண்டு அறையில் மாமியாரோடு சேர்த்து ஐந்து பேர் இருக்கிறார்கள். ஆறாவதாக நான் எங்கே படுப்பது என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"இங்கனயே ஒண்ணு பிடிச்சிருவேம்மா. வீடு பிடிக்கது எனக்கு ஒரு வேலையா?"

"அதான, உங்களுக்கா வீடு கெடைக்காது" என்று சிரித்தாள்.

ஜூன் 18, புதன்

மூன்று இடம் கேட்டேன். பார்ப்போம் என்றார்கள்.

ஜூன் 21, சனி

சிதம்பரநகர் பக்கம் ஒரு வாத்தியார் வீட்டு மாடி. அந்த மாடிக்கு நாலு தடவை ஆள் வைத்திருக்கிறேன். காபி கொடுத்தார்.

"யாருக்கு அண்ணாச்சி?"

"ஒரே ஆளு சார். சத்தம் இருக்காது, விருந்தாளு கெடையாது. ஒண்ணாந்தேதி வாடகை வந்துரும்."

"கம்பெனிப் பையனா?"

"இல்ல. எனக்குத்தான்."

வாத்தியார் தம்ளரைக் கீழே வைத்தார். அவருக்கும் அறுபத்தைந்து இருக்கும். முகம் சங்கடமாகிவிட்டது.

"அண்ணாச்சி... நீங்கதான சொல்லிக் குடுத்திய? மொதல் தடவை ஆள் கூட்டிட்டு வந்தப்ப, 'வயசானவங்க உண்டான்னு கேட்டுக்கிடுங்க சார், ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஒரு வருசத்துக்கு எவனும் வீட்டப் பாக்க வர மாட்டான்'னு. இந்த எடத்துல உக்காந்துதான் சொன்னிய."

சொன்னேன். இவரிடம் மட்டுமில்லை, எல்லோரிடமும் சொன்னேன். எத்தனை பேர், சைவமா அசைவமா, வயசானவங்க உண்டா என்று மூன்று கேள்வி. முதல் இரண்டும் நான் தொழிலுக்கு வந்தபோது எனக்குச் சொல்லித் தந்தவை. மூன்றாவதை நானே சேர்த்துக்கொண்டேன்.

காபி நன்றாக இருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

நேற்று எழுதியதை வாசித்தேன். இன்னும் ஒன்று எழுத வேண்டும்.

பதினைந்து பதினாறு வருஷம் இருக்கும். போல்டன்புரத்தில் ஒரு வீட்டில் நான் குடிவைத்த ஆள் கடைசி மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்தார். வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு, "நான் சொன்னா நல்லாருக்காது, நீரு போய்ச் சொல்லும்" என்றார். போனேன். அந்த ஆளின் மனைவியிடம், "சொந்த ஊருக்குக் கொண்டு போயிட்டா மனசுக்கு ஆறுதலா இருக்கும்மா" என்று சொன்னேன். அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. வேம்பார்தான் அவர்கள் ஊர். வேன் நான்தான் பேசிக் கொடுத்தேன். அவரை மெத்தையோடு தூக்கி வைத்தோம். கதவைச் சாத்துவதற்கு முன்னால் அந்த அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "நல்ல நேரத்துல வண்டி பிடிச்சுக் குடுத்தீங்க அண்ணாச்சி" என்றது.

ஊர் போய்ச் சேர்ந்தாரா என்று நான் கேட்கவில்லை. மறுவாரம் அந்த வீட்டுக்கு வேறு ஆள் வைத்தேன்.

செல்லக்கனி இந்த வீட்டிலேயே, இந்த அறையிலேயே போனாள். பால்துரை அண்ணாச்சி மாலையோடு வந்தார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொல்லாதது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 25, புதன்

இதுவரை பதினாலு வீடு. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள்.

ஜூன் 27, வெள்ளி

கம்பெனி ஆள் வீடு பார்க்க வந்தார். கூடவே ஒரு இளம் தம்பதி, வடநாட்டுக்காரர்கள். அந்தப் பையன் இஞ்சினியர். வீட்டைக் காட்டினேன். எப்போதும் காட்டுகிற மாதிரியே, முதலில் வெளிச்சமான அறை, கடைசியில் குளியலறை. என் வேட்டி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதை விலக்கிவிட்டுக் கொல்லையைக் காட்டினேன்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. சாவு நடந்த வீட்டை மறைத்து முடிக்க மாட்டேன். எந்த வீடாக இருந்தாலும் சொல்லிவிடுவேன். அதனால்தான் என் பேச்சுக்கு ஊரில் மரியாதை.

"சார், ஒண்ணு சொல்லிருதேன். இந்த வீட்ல ஒரு சாவு நடந்திருக்கு. ஏழு மாசம் ஆகுது."

வழக்கத்துக்காகச் சொன்னேனா, அவர்கள் வேண்டாம் என்று போகட்டும் என்று சொன்னேனா? வாயைத் திறந்தபோது எனக்கே தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

கம்பெனி ஆள் அவர்கள் மொழியில் சொன்னார். அந்தப் பெண் எந்த அறை என்று கையால் கேட்டது. காட்டினேன். போய் உள்ளே நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது. வெளியே வந்து ஏதோ கேட்டது.

"மழைல தண்ணி ஏறுச்சான்னு கேக்காங்க."

"ஏறல. மேடு."

முடிந்தது. ஜூலை பதினாறுக்குள் சாவி வேண்டுமாம்.

ஜூன் 29, ஞாயிறு

நிலவரத்தின் கடைசிப் பகுதியை எழுதினேன். ஒரு வரி சேர்த்தேன். "அறுபத்தைந்து வயதைத் தாண்டித் தனியாக இருப்பவர்களுக்கு இந்த ஊரில் வாடகை வீடு கிடைப்பதில்லை. இனி ஆறு மாதமும் கிடைக்காது. இதற்குத் தரகர்களும் காரணம்."

"காரணம்" என்ற சொல்லை எழுதும்போது கை நிற்கவில்லை. நேராக வந்தது.

ஜூலை 2, புதன்

ஜெரால்டு ஆபீசில் தாளைக் கொடுத்தேன். அவன் வாசிக்க வாசிக்க அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுதியதை ஒருவன் கண்ணால் எடுத்துக்கொள்கிறான். வாய் திறக்கவில்லை, ஆனாலும் அவனுக்குத் தெரிகிறது! செல்லக்கனி, இதை நீ பார்த்திருக்க வேண்டும்.

கடைசி வரிக்கு வந்ததும் ஜெரால்டு நிமிர்ந்தான்.

"அண்ணாச்சி, இது வேண்டாம்."

"ஏம்டே? பொய்யா?"

"பொய்னு யாரு சொன்னா? இது வியாபாரத்துக்குக் குடுக்கிற தாளு. வீட்டுக்காரங்க வாசிப்பாங்க. நம்மளே நம்ம தலைல மண்ணள்ளிப் போடவா?"

"அப்போ இதுக்கு என்ன பேரு வச்சிருக்க? நிலவரம்னுதான வச்சிருக்க?"

அவன் தாளை மேஜையில் வைத்தான். பிறகு மெதுவாக, "உங்களுக்கு இன்னும் வீடு அமையலையா அண்ணாச்சி?" என்று கேட்டான். சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஜெரால்டு வீட்டு மாடி காலியாகத்தான் இருக்கிறது. அதை அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் பெண்டாட்டிக்கு இஷ்டமிருக்காது. அவளிடமும் அந்த மூன்று கேள்வியும் போய்ச் சேர்ந்திருக்கும்.

"வெட்டிக்கோ" என்றேன்.

ஜூலை 5, சனி

தாள் அச்சாகி வந்துவிட்டது. மஞ்சள் தாள். வாடகை வீடு பகுதிக்குக் கீழே "எழுதியவர்: அ. அய்யாக்குட்டி" என்று போட்டிருக்கிறான். அந்த வரி இல்லை. ஆனால் என் பெயர் இருக்கிறது. இருபது தாள் வாங்கி வந்து கட்டிலில் பரப்பி வைத்தேன். இருபது தடவை என் பெயர். ஒரு வரியை வெட்டிய தாள் என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிரிப்பு வந்தது. இந்த வயதில் இது என்ன அல்பம்!

பதினோரு நாள் இருக்கிறது.

ஜூலை 9, புதன்

சாமான் ஏற்றுகிற லோடு ஆட்டோ ஒன்றுகூட பதினாறாம் தேதி வரை இல்லை. ஊரே ஆடிக்கு முன்னால் இடம் மாறுகிறது. "அண்ணாச்சி, ஆடி பொறந்தா பாதி ரேட்டுக்கு வாரேன்" என்கிறான் ஆட்டோக்காரன். எனக்கு எங்கே போக ஆட்டோ என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்க முடியாது.

டீக்கடையில் மஞ்சள் தாளை ஒருவர் சத்தமாக வாசித்தார். "காலி வீடுகள் முப்பத்து நாலு." அப்போதுதான் தோன்றியது. முப்பத்து நாலு இல்லை, முப்பத்தைந்து. ஒரு வீட்டை நான் எண்ணவில்லை. மூன்று வருஷமாக எண்ணியதே இல்லை. குரூஸ்புரத்தில் பிளாரன்ஸ் அம்மா வீட்டின் பின்கட்டு.

ஜூலை 10, வியாழன்

அந்த வீட்டைப் பற்றி எழுதி வைக்கிறேன்.

பிளாரன்ஸ் அம்மாவின் கணவர் மனுவேல் தோணியில் வேலைக்குப் போனவர், இறந்து பல வருஷம் ஆகிறது. முன்கட்டில் அந்த அம்மா தனியாக இருக்கிறார். பின்கட்டை வாடகைக்கு விடுவார். சிவசுப்பிரமணியன் என்று ஒருவர், கப்பல் ஏஜென்சி ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் ஆகாதவர். அவரை வைக்காதீர்கள் என்று சொன்னேன். அந்த அம்மா கேட்கவில்லை. ஆறு வருஷம் இருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் உள்ளேயே இறந்துபோனார். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டைக் கேட்டு வந்த எல்லோரிடமும் நான் சொன்னேன். மறைக்க மாட்டேன், அது என் வழக்கம். பிறகு யாரும் கேட்டு வரவில்லை. பிறகு எனக்கும் அந்த வீடு மறந்துவிட்டது.

ஜூலை 12, சனி

குரூஸ்புரம் போனேன். பிளாரன்ஸ் அம்மா முற்றத்துக் குழாயடியில் நண்டு கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"யாரு, அய்யாக்குட்டி அண்ணாச்சியா? வழி தப்பி வந்துட்டியளோ?"

"இல்லம்மா. உங்களப் பாக்கத்தான் வந்தேன்."

"அதிசயம்தான். மூணு வருசமா இந்தத் தெருவுல உங்க சைக்கிள் வரும். என் வாசல் வந்தா மட்டும் மிதி வேகமாயிரும். நான் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

சைக்கிளைச் சுவரில் சாய்த்தேன்.

"காலைல ஒரு குடும்பம் வரும், வீடு பிடிச்சிருக்கும்பாவ. சாயந்திரம் போன் வரும், வேண்டாம்பாவ. யாரு சொன்னான்னு கேட்டா அய்யாக்குட்டி அண்ணாச்சி. மறுவாரம் இன்னொருத்தர். அதுக்கும் அய்யாக்குட்டி அண்ணாச்சி. மைக்கு ஒண்ணுதான் இல்ல உங்க கையில."

"உள்ளதத்தான் சொன்னேம்மா."

"உள்ளதச் சொன்னியளா? அந்த மனுசன் ஆறு வருசம் இங்கன எப்படி இருந்தாருன்னு சொன்னியளா? எம்மவன் ஜெனோ படிப்புக்கு அப்ளிகேசன் எழுதிக் குடுத்தது, எனக்கு பென்சன் வாங்கிக் குடுத்தது, அதெல்லாம் உள்ளது இல்லியா? செத்தது மட்டும்தான் உள்ளதாக்கும்."

நண்டின் காலை ஒடித்துப் போட்டுக்கொண்டே பேசினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை.

"சரி, இப்ப யாருக்கு வீடு?"

"ஒரே ஆளும்மா."

"வயசானவங்க உண்டா?" சிரிக்காமல் கேட்டார். "அதான நீங்க கேக்கது?"

"உண்டு. நான்தான்."

அவர் கை நின்றது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"செல்லக்கனி?"

"கார்த்திகைல போயிட்டா."

"எனக்கு யாரும் சொல்லலியே." முந்தானையில் கையைத் துடைத்தார். "மாதாவே. எனக்கு ஒருத்தரும் சொல்லல."

சொல்ல வேண்டியவன் நான்தான். அவரிடம் வந்து சொல்ல எனக்கு முகம் இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

குழாயை மூடினார். "யோசிச்சுச் சொல்லுதேன். போயிட்டு வாங்க."

ஜூலை 14, திங்கள்

காலையில் பிளாரன்ஸ் அம்மா போன்.

"சாவி எடுத்து வச்சிருக்கேன். குசினில குழாய் ஒழுகும், அத நீங்க பாத்துக்கிடணும். ஆனா ஒண்ணு."

"சொல்லுங்கம்மா."

"அவரு ரெண்டு நாள் கெடந்தாரு. சுவருக்கு இந்தப் பக்கம் நான் மீன் கொழம்பு வச்சுத் தின்னுக்கிட்டு இருந்திருக்கேன். அது எனக்கு..." பாத்திரத்தை நகர்த்துகிற சத்தம் கேட்டது. "தெனமும் காலைல பூசைக்குப் போவேன்லா? போறப்ப உங்க கதவத் தட்டுவேன். உள்ள இருந்து கொரல் வரணும். தெனமும். அது தொந்தரவுன்னா வேற வீடு பாத்துக்கிடுங்க."

"தொந்தரவு இல்லம்மா."

"எப்ப வாரிய?"

"பதினாறுக்குள்ள வண்டி கெடைக்கல. பதினேழு ஆடி பொறந்துருது."

"ஆடியா? எங்களுக்கு என்ன ஆடி? நீங்க பயந்தா ஆவணி வரைக்கும் பஸ்டாண்டுல படுங்க."

ஜூலை 16, புதன்

சாமான்களை முன்னறையில் கட்டி வைத்தேன். பன்னிரண்டு மூட்டை. செந்தூர்வேலிடம் பேசி இரண்டு நாள் தவணை வாங்கினேன். அவருக்கும் நிம்மதி, அது குரலிலேயே தெரிந்தது.

ஜூலை 18, வெள்ளி. ஆடி 2

குடி வந்தேன். ஆட்டோக்காரன் பாதி ரேட்டுக்கே வந்தான். "அண்ணாச்சி, நீங்களே ஆடில மாறுதிய! ஊருக்கெல்லாம் ஆடி சொன்ன ஆளு" என்று வழியெல்லாம் சிரித்தான்.

பால் காய்ச்சவில்லை. டீ போட்டேன்.

பின்கட்டு சுத்தமாக இருக்கிறது. சிவசுப்பிரமணியன் இறந்த அறையில்தான் கட்டிலைப் போட்டிருக்கிறேன். வேறு அறை இல்லை.

ஜூலை 19, சனி

விடியற்காலையில் பிளாரன்ஸ் அம்மா தட்டினார். "அண்ணாச்சி, முழிச்சாச்சா?" "ஆச்சும்மா." செருப்புச் சத்தம் போய்விட்டது.

ஜூலை 21, திங்கள்

தட்டினார். பதில் சொன்னேன்.

ஜூலை 27, ஞாயிறு

நேற்று மாதா கோயிலில் திருவிழாக் கொடி ஏறிவிட்டது. தெருவெல்லாம் வெளியூர்ச் சொந்தக்காரர்கள். முன்கட்டில் ஜெனோவும் அவன் குடும்பமும் வந்திருக்கிறார்கள். எனக்குக் கணவாய் மீன் வறுவல் வந்தது. சாப்பிட்டேன். காரமா இல்லையா என்று கேட்டார்கள். யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. காரம்தான்.

ஜூலை 30, புதன்

தொழில் இல்லை. ஆடி. காலையில் தட்டினார், சொன்னேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

திருவிழா முடிந்தது. எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். பிளாரன்ஸ் அம்மா முற்றத்தைத் தனியாகக் கூட்டிக்கொண்டிருந்தார். நானும் ஒரு விளக்குமாற்றை எடுத்தேன். "அந்தப் பக்கம் கூட்டுங்க, இங்கன நான் கூட்டியாச்சு" என்றார். அந்தப் பக்கம் கூட்டினேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

விடியற்காலையிலேயே விழித்துவிட்டேன். விளக்கைப் போட்டு இந்த டைரியை எடுத்தேன். செல்லக்கனியைப் பற்றி ஒரு பக்கமாவது எழுத வேண்டும் என்று பல நாளாக நினைப்பு. அவள் வாங்கிய முதல் குத்துவிளக்கு, ஏரல் சந்தையில் அதற்காக அவள் போட்ட சண்டை. அதை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு சொல் பாதியில் நின்றது. அதன் அடுத்த எழுத்து எது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கதவு தட்டியது காதில் விழவில்லை. விழுந்திருக்கும், எனக்கு உறைக்கவில்லை.

பிறகு கதவு இடிபடுகிற சத்தம். "அண்ணாச்சி! அய்யாக்குட்டி அண்ணாச்சி! ஏ அண்ணாச்சி!" அந்தக் குரல் பிளாரன்ஸ் அம்மாவுடையது என்றே முதலில் தெரியவில்லை. அப்படி உடைந்து வந்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறார். ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

ஜெபமாலை சுற்றிய கை. அந்தக் கையை ஓங்கிக்கொண்டு நின்றார். இன்னொரு தடவை இடிக்க ஓங்கியது. முகத்தில் ரத்தமே இல்லை.

"வாயில என்ன வச்சிருந்திய? ஒரு கொரல் குடுக்க என்ன?"

"எழுதிக்கிட்டிருந்தேம்மா..."

"எழுத்து! அந்த எழுத்தக் கொண்டு போய்க் கடல்ல போடுங்க!"

சொல்லிவிட்டு என் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார். கோயில் மணி அடித்து ஓய்ந்தது. பூசைக்குப் போகவில்லை.

"பயந்துட்டியளா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்கு மத்தியானம் சாளைக் கொழம்பு. வெளில வாங்கித் திங்காதிய" என்று சொல்லிவிட்டு முன்கட்டுக்குப் போனார்.

உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். செல்லக்கனி போன அன்றைக்கு வந்திருக்க வேண்டிய அழுகை. எட்டு மாதம் எங்கே இருந்ததோ, வந்துவிட்டது. வெளியே கேட்டுவிடும் என்று தலையணையை வாயில் வைத்துக்கொண்டேன். பிறகு எடுத்துவிட்டேன். கேட்கட்டும். ஆள் உள்ளே இருக்கிறான் என்று தெரியட்டும்.

நாளையிலிருந்து, அவர் பூசைக்குப் போன பிறகுதான் டைரியை எடுக்க வேண்டும்.